பூ எண்ணெய் முகத்துக்கு நல்லதுதான், ஆனா அப்படியே தடவாதீங்க

போன மாசம் கிளினிக்குக்கு ஒரு பொண்ணு வந்தாங்க, ரெண்டு கன்னத்துலயும் சாம்பல் கலந்த பழுப்புல திட்டுத் திட்டா இருக்கு, மங்குன்னு நெனச்சுட்டு வந்திருக்காங்க. என்னென்ன போடுறீங்கன்னு ஒவ்வொண்ணா கேட்டப்பதான் தெரிஞ்சது, நாலு மாசமா தெனமும் நைட்டு மல்லிகை எசென்ஷியல் ஆயிலை எதுலயும் கலக்காம ரெண்டு சொட்டு தடவிட்டு படுத்திருக்காங்க. "நம்ம மதுரை மல்லிதான டாக்டர், தலையில வெக்கிறோம், அது என்ன பண்ணிடும்?"னு கேட்டாங்க.

தலையில வெக்கிற பூ வேற, பாட்டில்ல இருக்கறது வேற. மல்லியை ஆவியில வடிச்சா அந்த வாசனை நிக்காது, அதனால ஹெக்சேன் மாதிரி சால்வென்ட்ல போட்டு எடுத்து, மெழுகா வர்றதை ஆல்கஹால்ல பிரிச்சு கடைசியா அப்சல்யூட்ங்கிற அடர்த்தியான வாசனை எண்ணெய்யை எடுப்பாங்க. ஒரு டன் பூவுக்கு ஒரு கிலோ, மிஞ்சிப்போனா ஒன்றரை கிலோ வரும். ரோஜா இன்னும் மோசம், 1 கிலோ எண்ணெய்க்கு 3000ல இருந்து 5000 கிலோ பூ வேணும். அப்போ 150 ரூபாய்க்கு விக்கிற 'ப்யூர் ரோஸ் ஆயில்' என்னவா இருக்கும்னு நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்க.

சரி, நெஜமான எண்ணெய்யே கெடச்சாலும் அவ்ளோ பூவோட வாசனைப் பொருளும் ஒரு சொட்டுல அடைஞ்சு கெடக்குது. ஜப்பான்ல 1970கள்ல நெறைய பெண்களுக்கு இதே மாதிரி கன்னம் கறுத்துப் போச்சு, தேடிப் பாத்தப்போ காஸ்மெடிக்ஸ்ல சேத்த மல்லிகை அப்சல்யூட், யிலாங் யிலாங்கிற பூவோட எண்ணெய் மாதிரி வாசனைப் பொருள்கள் மாட்டுச்சு, 1977ல இருந்து கம்பெனிங்க அதையெல்லாம் எடுக்க ஆரம்பிச்சப்பறம்தான் கேஸ் கொறஞ்சுது. இந்த வகை அலர்ஜியில அரிப்போ செவப்போ பெருசா தெரியாமலே கறுப்பு வந்துடும், நம்ம மாநிறத்துக்கு இதுதான் எனக்கு ரொம்ப பயம்.

அதுக்காக பூ எண்ணெய்யே வேணாம்னு சொல்ல வரல. கேமமைல் பூவுல இருக்கற பிசபோலால் எரிச்சலை அடக்கும். காலெண்டுலாங்கிற பூவுல செஞ்ச களிம்பை மார்பகப் புற்றுநோய்க்கு ரேடியேஷன் எடுத்த 254 பெண்கள்கிட்ட ஃப்ரான்ஸ்ல டெஸ்ட் பண்ணி 2004ல ரிசல்ட் போட்டாங்க, இன்னொரு க்ரீம் போட்டவங்களை விட இவங்களுக்கு தோல் புண்ணாகறது நல்லாவே கொறைஞ்சிருந்தது. ஆனா இங்க ஒரு குழப்பம் இருக்கு, காலெண்டுலாவுக்கும் மேரிகோல்டுன்னு பேர் இருக்கறதால வீடியோ பாத்துட்டு மாலைக்கு வாங்கற செண்டுமல்லியை எண்ணெய்ல போட்டு காய்ச்சறாங்க, அது வேற செடிங்க! செண்டுமல்லியில இருந்து எடுக்கற எண்ணெய் தோல்ல இருக்கும்போது வெயில் பட்டா எரிச்சல், கறுப்பு ரெண்டும் வரும்.

பார்த்தீனியம் செடி ஒத்துக்காதவங்க கேமமைல், காலெண்டுலா ரெண்டையும் தொடறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட கேளுங்க, எல்லாம் சாமந்தி குடும்பம்தான். லாவெண்டர் வாசனை நல்லா ரிலாக்ஸ் ஆக்கும், ஆனா திறந்து திறந்து காத்து பட்டா அதுல இருக்கற லினலூல்ங்கிற வாசனைப் பொருள் மாறி அலர்ஜி பண்ணும், பழைய பாட்டிலை தூக்கிப் போட்டுடுங்க.

போடறதா இருந்தா 10 மில்லி சாதா எண்ணெய்க்கு ஒரு சொட்டு, அதிகபட்சம் ரெண்டு. என்னைக் கேட்டா தோலுக்கு பாதி நன்மை இந்த சாதா எண்ணெய்லதான் இருக்கு, சூரியகாந்தி எண்ணெய்ல லினோலிக் ஆசிட் ஜாஸ்தி, தோலோட மேல் அடுக்கை காப்பாத்தும், ஆலிவ் ஆயில் அதை பலவீனமாக்கும். பரு வர்ற முகத்துக்கு தேங்காய் எண்ணெய் வேணாம். கலந்ததை மொதல்ல முழங்கை மடிப்புக்கிட்ட காலையும் ராத்திரியும் ஒரு வாரம் தடவிப் பாருங்க, ஒரே ஒரு நாள் தடவிட்டு ஓகேன்னு முடிவு பண்ணிடாதீங்க, அலர்ஜி லேட்டாதான் காட்டும்.

அந்தப் பொண்ணுக்கு எண்ணெய்யை நிறுத்திட்டு சன்ஸ்க்ரீன் கொடுத்து எது ஒத்துக்கலைன்னு தோல்ல ஒட்டிப் பாக்கற பேட்ச் டெஸ்ட்டுக்கு தேதி போட்டிருக்கோம், கறுப்பு மங்க மாசக்கணக்காகும்னு சொன்னப்போ கண்ணு கலங்கிடுச்சு. போகும்போது வாசல்ல நின்னு "பூ வெச்சுக்கலாமா டாக்டர்?"னு கேட்டாங்க. தாராளமா வெச்சுக்கோங்கம்மா, கன்னத்துல உரசாம பின்னாடி வெச்சுக்கோங்கன்னு சொல்லி அனுப்பினேன்.