காலைப் பார்க்காதே, தலையைப் பார்

கோயில் கொடையில் கிடா வெட்டுமுன் அதன் மேல் மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்கள். கிடா உடம்பைச் சிலுப்பியதும் 'உத்தரவு கிடைத்துவிட்டது' என்பார்கள். ஈரம் பட்டால் சிலுப்பிக்கொள்வது ஆட்டின் அனிச்சைச் செயல். சம்மதத்துக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. கோழிக்கடையில் இதே தவறைத் தலைகீழாகச் செய்கிறோம். கழுத்தறுத்த கோழியை டிரம்முக்குள் போட்டதும் படபடவென்று அடித்துக்கொள்ளும். பார்ப்பவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். சத்தம் அடங்கியதும் வலி தீர்ந்தது என்று நினைத்துக்கொள்வார். அந்தப் படபடப்பை வைத்து வலியை அளக்க முடியாது.

இறைச்சிக்கூடங்களைக் கண்காணிப்பதில் உள்ள அடிப்படைச் சிக்கல் இதுதான். நம் கண்ணை உறுத்துவது ஒன்று, விலங்கு படும் பாடு வேறொன்று.

கால்களை மாற்றி மாற்றி வீசுவதற்கான தாளம் முதுகுத்தண்டிலேயே இருக்கிறது. அதற்கென்று அங்கே நரம்பு வலைகள் உண்டு. சாதாரணமாக மூளை அவற்றைக் கட்டுக்குள் வைத்திருக்கும். அந்தப் பிடி விட்டதும் அவை தம் போக்கில் இயங்க ஆரம்பிக்கும். தலையில்லாத கோழி ஓடுவது இப்படித்தான். வெட்டுமுன் சரியாக மயக்கமூட்டப்பட்ட மாடும் சங்கிலியில் தொங்கிக்கொண்டே பலமாக உதைக்கலாம். ஆனால் உணர்வு என்பது மூளையின் வேலை. ஆகவே பார்க்க வேண்டிய இடம் தலை. சீராக மூச்சு விடுகிறதா? கண்ணைத் தொட்டால் இமைக்கிறதா? கத்துகிறதா? தொங்கும்போது முதுகை வளைத்துத் தலையை நிமிர்த்தப் பார்க்கிறதா? இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே மறுபடி மயக்கமூட்ட வேண்டும். உணர்விழந்த மாட்டின் தலையும் கழுத்தும் ஈரத்துணி மாதிரி நேராகத் தொங்கும், நாக்கு துவண்டு கிடக்கும்.

மயக்கமூட்டும் முறைகளில் மாடுகளுக்குப் பரவலாகப் பயன்படுவது ஒரு வகைத் துப்பாக்கி. இதில் குண்டு வெளியே போகாது. தோட்டாவின் அழுத்தத்திலோ அழுத்தப்பட்ட காற்றாலோ ஓர் எஃகுத் தண்டு நொடிக்கு ஏறத்தாழ 55 மீட்டர் வேகத்தில் பாய்ந்து, நெற்றியெலும்பைத் துளைத்துவிட்டு உள்ளே திரும்பிவிடும். ஒவ்வொரு கண்ணிலிருந்தும் எதிர்ப்பக்கக் கொம்பின் அடிக்கு ஒரு கோடு போட்டால் இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடம்தான் குறி. சரியாக விழுந்தால், அடி பட்டது வலியாக உணரப்படுவதற்குள் உணரவேண்டிய மூளையே செயலிழந்துவிடும். தவறினால் மண்டையில் ஓட்டையோடு விழித்திருக்கும் ஒரு மாடு மிஞ்சும். தவறுவதற்குக் கொடூர மனம்கூட வேண்டியதில்லை. தோட்டா ஈரத்தில் நமத்துப்போயிருந்தாலோ துப்பாக்கியைச் சுத்தம் செய்யாமல் விட்டிருந்தாலோ போதும்.

ஆடு, பன்றிக்கு மின்சார இடுக்கி. தலையின் இரு பக்கமும் பிடித்து மின்சாரம் பாய்ச்சினால் மூளையில் வலிப்பு வந்து உணர்வு போகும். ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி செம்மறியாட்டுக்குக் குறைந்தது 1 ஆம்பியர், பன்றிக்கு 1.3 ஆம்பியர். மயக்கம் சீக்கிரமே தெளிந்துவிடும் என்பதால் உடனே கழுத்தறுக்க வேண்டும். ஆபத்து எங்கே என்றால், மின்னோட்டம் குறைந்தாலோ இடுக்கி மூளையை விட்டு வேறிடத்தில் பிடித்தாலோ தசைகள் மட்டும் விறைத்துக்கொள்ளும். விலங்கு அசையாது, கத்தவும் முடியாது. உணர்வு மட்டும் அப்படியே இருக்கும். மேற்பார்வையாளருக்கு எல்லாம் அமைதியாக நடப்பதாகத் தோன்றும்.

பெரிய பன்றி ஆலைகளில் கரியமில வாயு அறைக்குள் இறக்குகிறார்கள். அடிதடி இல்லை, துரத்தல் குறைவு. ஆனால் அந்த வாயு ஈரமான மூக்குச் சவ்வில் கரைந்து அமிலமாகும். சோடா குடித்து ஏப்பம் மூக்கில் ஏறினால் ஓர் எரிச்சல் வருமே, அதைப் பல மடங்கு பெருக்கிக்கொள்ளுங்கள். கூடவே மூச்சுத்திணறலும் சேரும். மயங்குவதற்குள் பல நொடிகள் அதை அனுபவிக்க வேண்டும்.

நம்மூர் கறிக்கடைகளில் பெரும்பாலும் மயக்கமூட்டுவதே இல்லை, நேரே கழுத்துதான். இதைப் பற்றிப் பேசினால் பேச்சு உடனே மதத்துக்குப் போய்விடும். உடற்கூறு சொல்வதை மட்டும் சொல்கிறேன். கழுத்தின் பெரிய தமனிகளை அறுத்தால் செம்மறியாட்டின் மூளைக்கு இரத்தம் சட்டென்று நின்று, பொதுவாகச் சில நொடிகளில் உணர்வு போகும். மாட்டுக்கோ கழுத்தெலும்புக்குள்ளே ஓடும் இன்னொரு தமனி வழியாகவும் மூளைக்கு இரத்தம் போகிறது. கத்தி அதைத் தொடுவதில்லை. அதனால் சில மாடுகளுக்கு ஒரு நிமிடத்துக்கு மேலும் ஆகலாம்.

சரி, ஆலைக்குள் நடப்பதை எப்படி அளப்பது? அமெரிக்கக் கால்நடை அறிவியலாளர் டெம்பிள் கிராண்டின் சொன்ன வழி வியப்பூட்டும் அளவுக்கு எளிமையானது: எண்ணுங்கள். 'அன்போடு நடத்தினார்களா' என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். முதல் அடியிலேயே எத்தனை மாடு மயங்கியது, எத்தனை வழுக்கி விழுந்தது, எத்தனை கத்தியது, எத்தனைக்கு மின்கோல் (மின்னதிர்ச்சி கொடுத்து நகர்த்தும் கோல்) வைத்தார்கள் என்று கேட்டால் எண்தான் பதில். கத்தல் நம்பகமான சாட்சி என்பதையும் அவர் காட்டினார். அவர் கவனித்த 1,125 மாடுகளில் 112 கத்தின. இரண்டைத் தவிர மற்ற எல்லாமே மின்கோல், வழுக்கல், தவறிய அடி என்று ஏதோ ஒரு துன்பத்துக்கு அடுத்த கணத்தில் கத்தியவை.

1996இல் அமெரிக்க வேளாண் துறைக்காக அவர் ஆலைகளைச் சுற்றிவந்தபோது, நூற்றுக்கு 95 மாடுகளையாவது ஒரே அடியில் மயக்கியவை பத்து மாட்டிறைச்சி ஆலைகளில் மூன்றுதான். 1999இல் மெக்டொனால்ட்ஸ் தனக்கு இறைச்சி தரும் ஆலைகளை இந்த எண்களை வைத்துத் தணிக்கை செய்ய ஆரம்பித்தது. அந்த ஆண்டே பத்தில் ஒன்பது ஆலைகள் அந்த அளவை எட்டின. இத்தனைக்கும் மயக்கமூட்டாமல் கொல்வதைத் தடுக்கும் சட்டம் அங்கே 1958இலேயே வந்துவிட்டது (கோழிகள் இன்றும் அதில் சேர்த்தி இல்லை). நாற்பது ஆண்டுச் சட்டத்தால் ஆகாததை, பர்கர் விற்கிறவரின் கணக்குநோட்டு ஒரே வருடத்தில் செய்தது என்பதை நினைத்தால் எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருக்கிறது.

கறியும் சாட்சி சொல்லும். வெட்டிய பிறகு தசையில் சேமித்திருக்கும் சர்க்கரையான கிளைக்கோஜன் லாக்டிக் அமிலமாக மாறி, பிஎச் அளவு (அமிலம் கூடக்கூட இது குறையும்) 7லிருந்து ஏறத்தாழ 5.5க்கு இறங்கும். நீண்ட பயணத்தில் பட்டினியோடும் பயத்தோடும் நின்ற மாட்டிடம் கிளைக்கோஜன் முன்பே தீர்ந்திருக்கும். பிஎச் 6க்கு மேலேயே நின்றுவிடும். கறி கருத்து, பிசுபிசுத்து, சீக்கிரம் கெட்டுப்போகும்.

எண்ணுவதற்கு யாராவது அங்கே இருக்க வேண்டும் அல்லவா? 2007இல் கலிபோர்னியாவின் சீனோ நகரிலிருந்த ஓர் ஆலையில், எழுந்து நிற்க முடியாத மாடுகளை ஃபோர்க்லிஃப்டால் தள்ளுவதும் முகத்தில் தண்ணீர் பீய்ச்சுவதும் ரகசியக் கேமராவில் பதிவாயின. விலங்கு நல அமைப்பின் ஆள் ஒருவர் அங்கே தொழிலாளியாகச் சேர்ந்து எடுத்தது அது. 2008இல் ஏறத்தாழ 6.5 கோடி கிலோ இறைச்சியைத் திரும்பப் பெற்றார்கள். அரசு ஆய்வாளர்கள் இல்லாத ஆலை இல்லை அது. அவர்கள் பார்க்காத நேரம் நிறைய இருந்தது, அவ்வளவுதான்.

அந்த நேரத்தை நிரப்பத்தான் இங்கிலாந்து 2018இல் இறைச்சிக்கூடங்களுக்குள் உயிருள்ள விலங்கு இருக்கும் எல்லா இடத்திலும் கேமராவைக் கட்டாயமாக்கியது. பதிவுகளை 90 நாள் வைத்திருக்க வேண்டும். அரசுக் கால்நடை மருத்துவர் கேட்டால் மறுக்க முடியாது. அடிப்பதும் இழுப்பதும் கேமராவில் தெரியும். கண் இமைத்ததா என்பது தெரியாது. அதற்குக் கிட்டே நின்று தொட்டுப் பார்க்கத் தெரிந்த ஆள்தான் வேண்டும்.

இந்தியாவில் 2001ஆம் ஆண்டு விதிகள், மற்ற விலங்குகள் பார்க்க ஒன்றை வெட்டக்கூடாது என்கின்றன. வெட்டுமுன் ஒரு மருத்துவர் மணிக்கு 12, நாளுக்கு 96 விலங்குகளுக்கு மேல் பரிசோதிக்கக் கூடாது என்றும் சொல்கின்றன. அதாவது ஒன்றுக்கு ஐந்து நிமிடம். காகிதத்தில் நல்ல விதிதான். ஆனால் அது உரிமம் பெற்ற கூடங்களுக்குள் மட்டும்தான் எட்டும். தெருவோர மரத்தடியில் தொங்கும் ஆட்டுக்கு எந்த மருத்துவரும் வருவதில்லை. வதை நடந்ததாக நிரூபித்தாலும், இந்த விதிகளுக்குத் தாயான 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தில் முதல் குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. இன்றைக்கு 50 ரூபாய்க்கு நூறு கிராம் ஆட்டுக்கறிகூட வராது.