காப்பி முடிந்தது என்று திரை சொல்லும்போது

கல்யாண வீடியோ எடுப்பவர்கள் இப்போது சிடி தருவதில்லை. "ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்கிட்டு வாங்க, எல்லாத்தையும் போட்டுத் தர்றேன்" என்கிறார்கள். அப்படி வீட்டுக்கு வந்து சேர்ந்த டிஸ்க்கில் அப்புறம் குழந்தையின் முதல் பிறந்தநாள், அப்பாவின் பழைய படங்கள், வீட்டுப் பத்திரத்தின் ஸ்கேன் என்று ஒவ்வொன்றாக ஏறுகின்றன. ஒவ்வொரு முறையும் பச்சைக் கோடு கடைசி வரை ஓடியதும் கேபிளை உருவிவிடுகிறோம். அந்த நொடியில் பெட்டிக்குள் என்ன நடந்துகொண்டிருக்கிறது என்று தெரிந்தால், சட்டென்று உருவக் கை வராது.

உள்ளே இருப்பது லேப்டாப்பில் போடும் அதே இரண்டரை அங்குல ஹார்ட் டிஸ்க்தான். பல மாடல்களில் அதனுடன் விரல் அகலத்துக்கு ஒரு சின்ன போர்டு இருக்கும். டிஸ்க் சாட்டா முறையில் பேசும், கணினி யூஎஸ்பி முறையில் பேசும். இரண்டுக்கும் நடுவே நின்று மாற்றிச் சொல்வது அந்தப் போர்டில் உள்ள சிப். யூஎஸ்பி கம்பி வழியாகப் போகும் கட்டளைகளின் வடிவம் ஸ்கஸி என்ற பழைய தரத்தைச் சேர்ந்தது. 1986இல் வகுத்தது. 'இந்த எண்ணிலிருந்து இத்தனை தொகுதி கொடு', 'இந்த எண்ணில் இதை எழுது' என்பதே அதன் சாரம். உங்கள் ஃபோல்டரின் பெயர் என்ன, உள்ளே இருப்பது பாட்டா படமா என்பதெல்லாம் டிஸ்க்குக்குத் தெரியவே தெரியாது. அதற்குத் தெரிந்தவை வரிசை எண் போட்ட தொகுதிகள் மட்டும்தான்.

அந்தத் தொகுதிகள் இருப்பது கண்ணாடித் தகடுகளின் மேல் பூசிய மிக மெல்லிய காந்தப் படலத்தில். தகடு நிமிடத்துக்கு 5,400 முறை சுற்றுகிறது, அதாவது நொடிக்கு 90 சுற்று. தகட்டின் விட்டம் ஆறரை சென்டிமீட்டர் என்பதால் அதன் ஓரம் மணிக்குச் சுமார் 66 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. அந்த ஓட்டத்துக்கு மேலே, எழுதவும் படிக்கவும் செய்யும் ஹெட் ஒரு மெல்லிய கையின் நுனியில் மிதக்கிறது. ஹெட்டுக்கும் தகட்டுக்கும் இடையே உள்ள தூரம் சில நானோமீட்டர். நம் தலைமுடியின் தடிமன் ஏறக்குறைய 80,000 நானோமீட்டர். சிகரெட் புகையின் ஒரு துகள்கூட அந்த இடுக்கில் நுழைய முடியாது.

ஹெட்டைத் தாங்கிப் பிடிப்பது காற்று. தகடு வேகமாகச் சுற்றும்போது தன் மேல் ஒட்டியிருக்கும் காற்றையும் இழுத்துக்கொண்டு ஓடுகிறது. அந்தக் காற்று ஹெட்டின் அடிப்பகுதியில் செதுக்கியிருக்கும் மேடுபள்ளங்களில் புகுந்து அதை மேலே தூக்கி நிறுத்துகிறது. இதற்காகத்தான் சாதாரண ஹார்ட் டிஸ்க்கின் மூடியில் வடிகட்டி வைத்த ஒரு சிறு துளை இருக்கிறது. உள்ளே வெற்றிடம் என்று பலர் நினைக்கிறார்கள். வெற்றிடமாக இருந்தால் ஹெட் மிதக்கவே மிதக்காது. காற்று மெலிந்தாலும் சிக்கல்தான். தயாரிப்பாளர்கள் பொதுவாகக் கடல் மட்டத்திலிருந்து 3,000 மீட்டர் உயரம் வரைதான் இயக்கச் சொல்கிறார்கள். ஊட்டியில் கவலையில்லை. லே சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அங்கே படம் எடுக்கப் போகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

தகட்டில் உள்ள மிகப் பலவீனமான காந்தத்தை ஹெட் எப்படிப் படிக்கிறது என்பது தனிக் கதை. இரும்பும் குரோமியமும் மாறி மாறி வைத்த, சில அணுக்களே தடிமனான அடுக்குகளில், வெளியே உள்ள காந்தப்புலம் கொஞ்சம் மாறினாலே மின்தடை பெரிதாக மாறுகிறது என்று 1988இல் ஆல்பர்ட் ஃபெர்ட்டும் பீட்டர் க்ரூன்பெர்க்கும் தனித்தனியே கண்டுபிடித்தார்கள். பத்தாண்டுக்குள் அது ஹார்ட் டிஸ்க்குக்குள் வந்துவிட்டது. 2007இல் இருவருக்கும் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. இன்றைய ஹெட்டுகளில் இருப்பது அதன் அடுத்த தலைமுறை நுட்பம். 1956இல் ஐபிஎம் வெளியிட்ட முதல் ஹார்ட் டிஸ்க்கில் இரண்டடி விட்டமுள்ள 50 தகடுகள் இருந்தன. எடை ஒரு டன்னுக்கு மேல். கொள்ளளவு நான்கு மெகாபைட்டைக்கூடத் தொடவில்லை. இன்று செல்போனில் எடுக்கும் ஒரு நல்ல படம் அதில் அடங்காமல் போகலாம்.

சரி, இப்போது கேபிளுக்கு வருவோம். வீடியோவை இழுத்து டிஸ்க்கில் போட்டதும் கணினி அதை நேராகத் தகட்டுக்கு அனுப்புவதில்லை. கணினியின் தற்காலிக நினைவகமான ரேம் வேகமானது, டிஸ்க் மெதுவானது. ஆகவே இயங்குதளம் தரவை முதலில் ரேமில் சேர்த்து வைத்துக்கொண்டு, 'ஆயிற்று' என்று நமக்குச் சொல்லிவிட்டு, பின்னணியில் அனுப்பிக்கொண்டே இருக்கும். லினக்ஸ் என்ற இயங்குதளத்தில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். சில ஜிபி ஃபைல் கண்மூடித் திறப்பதற்குள் காப்பியாகிவிட்டதாகக் காட்டும், டிஸ்க்கைக் கழற்றும் முன் கொடுக்க வேண்டிய எஜெக்ட் கட்டளையைக் கொடுத்தால் 'இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறேன், பொறு' என்று நிறுத்தி வைக்கும். விண்டோஸ் 10இல், 2018 கடைசியில் வந்த பதிப்பிலிருந்து, வெளி டிஸ்க்குகளுக்கு இந்தச் சேர்த்து வைக்கும் வேலையை இயல்பாகவே நிறுத்தி வைத்திருக்கிறார்கள். எஜெக்ட் கொடுக்காமல் உருவினால் ஆபத்து குறைவு என்று சொல்வது அதனால்தான். குறைவுதான், இல்லாமல் போய்விடவில்லை. டிஸ்க்குக்குள்ளேயே தனியாக ஒரு சிறு ரேம் இருக்கிறது. கணினியிடமிருந்து வந்த தரவை வாங்கி அதில் வைத்துக்கொண்டு, டிஸ்க்கும் தன் பங்குக்கு 'வாங்கிக்கொண்டேன்' என்று சொல்லிவிடும். தகட்டில் ஏறுவது அதற்கு அப்புறம்தான். கரண்ட் நின்றால் அந்த ரேமில் இருப்பது போய்விடும்.

போவது வீடியோவின் கடைசித் துண்டாக இருந்தால்கூடச் சமாளிக்கலாம். பெரிய சேதம் வேறு இடத்தில் நடக்கிறது. எந்த ஃபைல் எந்தெந்தத் தொகுதிகளில் இருக்கிறது என்று குறித்து வைக்கும் அட்டவணையும் அதே டிஸ்க்கில்தான் இருக்கிறது, ஒவ்வொரு காப்பிக்கும் அதையும் திருத்தி எழுத வேண்டும். அது பாதி எழுதிய நிலையில் மின்சாரம் போனால், படங்கள் எல்லாம் தகட்டில் பத்திரமாக இருக்கும், எங்கே இருக்கின்றன என்பது மட்டும் யாருக்கும் தெரியாது. அடுத்த முறை செருகும்போது 'இந்த டிஸ்க்கை ஃபார்மட் செய்தால்தான் பயன்படுத்த முடியும்' என்று விண்டோஸ் கேட்கும். அந்தக் கேள்விக்குச் சரி என்று அழுத்திவிடாதீர்கள். அட்டவணை போனாலும் ஃபைல்களை மீட்டுத் தரும் மென்பொருள்கள் இருக்கின்றன. புதிதாக ஃபார்மட் செய்து அதன் மேல் எதையாவது எழுதிவிட்டால் அந்த வழியும் அடைபடும்.

என்டிஎஃப்எஸ் முறையில் ஃபார்மட் செய்த டிஸ்க்கில் அட்டவணையைத் திருத்தும் முன் 'இதைச் செய்யப்போகிறேன்' என்று கணினி ஒரு குறிப்பை எழுதி வைக்கும். நடுவில் தடை வந்தால் அந்தக் குறிப்பைப் பார்த்துச் சரிசெய்துகொள்ளும். எக்ஸ்ஃபேட் என்ற இன்னொரு ஃபார்மட் முறையில் அந்தப் பாதுகாப்பு இல்லை. ஆனால் என்டிஎஃப்எஸ் டிஸ்க்கை ஆப்பிள் மேக் படிக்கும், கூடுதல் மென்பொருள் இல்லாமல் எழுதாது. பழைய ஃபேட்32இல் ஒரு ஃபைல் நான்கு ஜிபியைத் தாண்டக் கூடாது, கல்யாண வீடியோ அங்கேயே நின்றுவிடும். வீட்டில் விண்டோஸ் மட்டும் இருந்தால் என்டிஎஃப்எஸ்ஸே போதும் என்பேன்.

எஜெக்ட் என்ற கட்டளை மூன்று வேலை செய்கிறது. ரேமில் மிச்சம் இருப்பதை அனுப்பச் சொல்கிறது. டிஸ்க்கின் ரேமில் இருப்பதைத் தகட்டில் இறக்கச் சொல்கிறது. அப்புறம், பெரும்பாலான டிஸ்க்குகளில், ஹெட்டை ஓரமாக நிறுத்திவிட்டுத் தகட்டின் சுழற்சியை நிறுத்தச் சொல்கிறது. இந்த மூன்றாவதைக் கையால் உணரலாம். ஓடும் டிஸ்க்கின் மேல் விரலை வைத்தால் மெல்லிய அதிர்வு தெரியும். எஜெக்ட் கொடுத்த சில நொடிகளில் அது தணிந்து அடங்கும். அடங்கிய பிறகு கேபிளை எடுங்கள்.

அப்படிச் செய்யாமல் உருவினால் உள்ளே ஒரு சின்ன மீட்புப்பணி நடக்கிறது. மின்சாரம் நின்றதும் தகடு உடனே நிற்காது, தன் வேகத்தில் கொஞ்ச நேரம் சுற்றும். அந்தச் சுழற்சியால் மோட்டாரே ஜெனரேட்டராக மாறுகிறது. அதில் பிறக்கும் சிறிதளவு மின்சாரத்தை வைத்து, காற்று அடங்கி ஹெட் தகட்டில் விழுவதற்குள், ஹெட்டைத் தகட்டுக்கு வெளியே உள்ள சரிவில் ஏற்றிவிடுகிறார்கள். உருவும்போது கேட்கும் 'டக்' என்ற ஒலி அதுதான். இந்த ஏற்பாட்டை யோசித்த பொறியாளர்களை எத்தனை பாராட்டினாலும் தகும். ஆனால் இது அவசரத்துக்கு வைத்த வழி. வழக்கமான முறையில் ஹெட்டை லட்சக்கணக்கான தடவை ஏற்றி இறக்கலாம், அவசர முறையில் அத்தனை தடவை தாங்காது.

தானாகவே 'டக், டக்' என்று கேட்டு, டிஸ்க் திரையில் தோன்றித் தோன்றி மறைகிறது என்றால், முதலில் சந்தேகப்பட வேண்டியது மின்சாரத்தை. நின்றிருக்கும் தகட்டைச் சுழல வைக்கும் அந்த முதல் ஓரிரு நொடிகளில்தான் டிஸ்க் அதிகக் கரண்ட் இழுக்கும், ஏறக்குறைய ஒரு ஆம்பியர். யூஎஸ்பி 2.0 போர்ட் தருவதாக ஒப்புக்கொண்டது அரை ஆம்பியர்தான், யூஎஸ்பி 3.0 தருவது 0.9 ஆம்பியர். பல போர்ட்டுகள் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்துச் சமாளிக்கின்றன. டெஸ்க்டாப் பெட்டியின் முன்பக்கப் போர்ட்டுகள் உள்ளே நீளமான கம்பி வழியாக மதர்போர்டுக்குப் போவதால் அங்கே மின்னழுத்தம் இன்னும் குறையும். பின்பக்கம் செருகிப் பாருங்கள், டிஸ்க்குடன் வந்த குட்டைக் கேபிளையே பயன்படுத்துங்கள். டிஸ்க்கில் கேபிள் செருகும் அந்த அகலமான வாயில் பழைய செல்போன் சார்ஜர் கேபிளும் பொருந்தும், வேலையும் செய்யும். ஆனால் யூஎஸ்பி 2.0 வேகத்தில் மட்டும். 15 நிமிடத்தில் ஏற வேண்டிய 100 ஜிபி, முக்கால் மணி நேரத்துக்கு மேல் எடுக்கும்.

கேபிள் சரியாக இருந்தும் வேகம் பாதியில் படுத்துவிடுவதைப் பலரும் பார்த்திருப்பார்கள். முதல் பல ஜிபி நொடிக்கு 100 எம்பிக்கு மேல் ஓடும், பிறகு பத்து, இருபது என்று ஊர்ந்து செல்லும். டிஸ்க் கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். இன்று விற்கும் இரண்டரை அங்குல டிஸ்க்குகளில் பெரும்பாலானவை தகட்டில் தரவு எழுதும் வட்டத் தடங்களை ஓட்டு வீட்டின் ஓடுகளைப் போல ஒன்றின் விளிம்பின் மேல் இன்னொன்று ஏறி இருக்குமாறு எழுதுகின்றன. படிக்கும் ஹெட் எழுதும் ஹெட்டைவிடக் குறுகலானது, வெளியே தெரியும் பகுதி அதற்குப் போதும். அதனால் அதே தகட்டில் அதிகம் கொள்கிறது. ஆனால் நடுவில் உள்ள ஓடு ஒன்றை மாற்ற வேண்டுமென்றால் அதற்கு மேலுள்ளவற்றையும் எடுத்து அடுக்க வேண்டுமே! அதனால் புதிதாக வருவதை டிஸ்க் முதலில் ஒரு தனிப் பகுதியில் வேகமாக எழுதிவிட்டு, சும்மா இருக்கும்போது உரிய இடத்தில் அடுக்கும். அந்தத் தனிப் பகுதி நிறைந்துவிட்டால்தான் வேகம் விழுகிறது. காப்பி முடிந்த பிறகும் டிஸ்க் முனகுவது இதனால்தான். ஆண்டுக்கு ஒருமுறை எல்லாவற்றையும் ஏற்றி வைக்க இந்த வகை டிஸ்க் நன்றாகவே போதும். தினமும் அதிலேயே வீடியோ எடிட் செய்ய வேண்டாம்.

எத்தனை கவனமாக இருந்தாலும் டிஸ்க் ஒருநாள் நிற்கும். கூகுள் தன் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளைப் பார்த்து 2007இல் வெளியிட்ட ஆய்வில், தகட்டைச் சோதிக்கும்போது முதல் பிழை தென்பட்ட டிஸ்க், பிழையே இல்லாத டிஸ்க்கைவிட அடுத்த 60 நாளில் செயலிழக்கும் வாய்ப்பு 39 மடங்கு அதிகம் என்று கண்டார்கள். டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துக்கொள்ளும் ஸ்மார்ட் பதிவுகளை கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற இலவச மென்பொருளில் பார்க்கலாம். கெட்டுப்போய் மாற்று இடம் கொடுத்த தொகுதிகளின் எண்ணிக்கை ஏறத் தொடங்கினால் அன்றைக்கே வேறு டிஸ்க்குக்கு மாற்றுங்கள். ஆனால் அதே ஆய்வில், நின்றுபோன டிஸ்க்குகளில் பாதிக்கு மேல் முக்கியமான அறிகுறிகள் எதையும் முன்கூட்டிக் காட்டவில்லை. ஆகவே வெளி டிஸ்க்கில் போட்டுவிட்டு லேப்டாப்பில் அழித்துவிடுவது பேக்கப் ஆகாது, அது இடமாற்றம் மட்டுமே. இரண்டு டிஸ்க்கில் இருக்கட்டும், ஒன்று வேறு வீட்டில் இருக்கட்டும். 2015 டிசம்பரில் சென்னையில் தரைத்தள வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தபோது, ஒரே அலமாரியில் இருக்கும் இரண்டு பிரதிகளால் என்ன பயன்? சுழலும் தகடு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டி வாங்கினால் அதிர்ச்சி, சத்தம் என்ற தொல்லைகள் இல்லை. ஆனால் அது மின்னூட்டத்தை அடைத்து வைத்துத்தான் நினைவில் கொள்கிறது. மின்சாரமே காட்டாமல் வருடக்கணக்கில் பீரோவில் பூட்டி வைப்பதற்கு ஹார்ட் டிஸ்க்கையே நம்புவேன்.

நல்ல போர்ட், நல்ல கேபிள் மாற்றியும் 'டக், டக்' தொடர்ந்தால் ஹெட்டால் தகட்டில் உள்ள தன் அடையாளக் குறிகளைப் படிக்க முடியவில்லை என்று பொருள். அப்போது திரும்பத் திரும்பச் செருகிப் பார்க்காதீர்கள், அடிபட்ட ஹெட் ஒவ்வொரு முறையும் தகட்டைச் சுரண்டலாம். ஃப்ரீசரில் வைத்தால் சரியாகும் என்று ஒரு வைத்தியம் உலவுகிறது. வெளியே எடுத்ததும் தகட்டில் ஈரம் படியும், அவ்வளவுதான் மிச்சம். மூடியைக் கழற்றுவதும் வேண்டாம். தரவு மீட்பவர்கள் தூசி வடிகட்டிய அறையில், அதே மாடல் டிஸ்க்கிலிருந்து ஹெட்டை எடுத்துப் பொருத்திப் படிக்கிறார்கள். செலவு அதிகம், உத்தரவாதமும் இல்லை. கொண்டுபோகும்போது பெட்டியோடும் அதன் போர்டோடும் அப்படியே கொண்டுபோங்கள். சில மாடல்களில் யூஎஸ்பி சிப் எல்லாவற்றையும் சங்கேதமாக்கித்தான் தகட்டில் எழுதும், அந்தச் சிப் இல்லாமல் படித்தால் வருவது குப்பை. டிஸ்க்கின் அடியில் உள்ள பச்சைப் போர்டிலும், அந்த ஒரு டிஸ்க்கின் ஹெட்டுகளுக்கென்றே தொழிற்சாலையில் அளந்து எழுதிய எண்கள் இருக்கின்றன. அதே மாடலில் வேறொரு போர்டை வாங்கி மாட்டினாலும் டிஸ்க் எழுந்திருக்காமல் போவது அதனால்தான்.