செல்ஃப் சூதிங்: பிள்ளை தானாக ஆறுதல்

சாமத்தில் கண் விழித்த கைக்குழந்தை, எவரும் தூக்காமலும் பால் கொடுக்காமலும் தட்டிக்கொடுக்காமலும் மீண்டும் நித்திரையாகிவிடுவதைக் குழந்தை மருத்துவத்தில் ‘செல்ஃப் சூதிங்’ என்கிறார்கள். கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் இளந்தாய்மார் கைபேசியில் வாசிக்கும் குறிப்புகளில் இச்சொல் இப்போது அடிக்கடி தட்டுப்படுகிறது. தமிழில் இதை ‘சுய அமைதிப்படுத்தல்’ என்றும் ‘சுய ஆற்றுப்படுத்தல்’ என்றும் எழுதுகிறார்கள். இயந்திர மொழிபெயர்ப்பில் ‘சுய இனிமையான’ என்ற பொருளற்ற தொடரும் வந்து விழுகிறது.

‘சூத்’ என்னும் ஆங்கில வினை, பழைய ஆங்கிலத்தில் உண்மையைக் குறித்த ஒரு பெயர்ச்சொல்லின் வழி வந்தது. ஒன்றை மெய்யென நிறுவுவதே அதன் முதற்பொருள். 16ஆம் நூற்றாண்டளவில் அது, ஒருவர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டி அவரைச் சமாளிப்பதைக் குறித்தது. அழுகையையோ நோவையோ தணித்தல் என்ற இன்றைய பொருள் அதன் பின்னரே நிலைபெற்றது. வீறிட்டு அழும் பேரப்பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு “ஓமடா செல்லம், ஓம் ஓம்” என்று முற்றத்தில் நடக்கும் எங்கள் அம்மம்மாமார் அந்த இடைக்காலப் பொருளைத்தான் இன்றும் செய்துகொண்டிருக்கிறார்கள்.

இச்சொல் குழந்தை நித்திரை பற்றிய பேச்சுக்குள் வந்ததில் அமெரிக்க உளமருத்துவர் தோமஸ் அண்டர்ஸுக்குப் பெரும் பங்குண்டு. இரண்டு மாதக் குழந்தைகளும் ஒன்பது மாதக் குழந்தைகளும் இரவில் உறங்குவதை ஒளிப்பதிவு செய்து ஆராய்ந்து 1979இல் அவர் வெளியிட்ட கட்டுரை, விடியும்வரை உறங்கியதாகப் பெற்றோர் நம்பும் பிள்ளையும் இடையில் விழிக்கவே செய்கிறது என்பதைக் காட்டியது. விழித்ததும் அழுது ஆளைக் கூப்பிடும் பிள்ளைகள் ஒரு வகை; விரலைச் சூப்பியோ தலையை அங்குமிங்கும் திருப்பியோ கொஞ்ச நேரம் முழித்துக் கிடந்துவிட்டுத் தாமாகவே உறங்கிவிடுபவை மற்றொரு வகை. பின்னதற்கே இப்பெயர் வழங்கலாயிற்று. கைக்குழந்தையின் ஒரு நித்திரைச் சுற்று ஏறக்குறைய 50 முதல் 60 நிமிடங்களே என்பதால், சுற்று முடியும் இடத்தில் நித்திரை இலேசாவது நோயுமன்று, குறையுமன்று.

வன்னி வீடுகளில் இதை ஏணையடியில் காணலாம். வளையில் கட்டிய பழஞ்சேலைக்குள் ஆடி ஆடிக் கண் மூடிய பிள்ளை, அரைகுறையாய் விழிக்கும்போது ஆட்டம் நின்றிருந்தால் முதலில் சிணுங்கும். பிறகு கையைக் காலை உதைக்கும். ஏணைக் கயிறு மறுபடி கிறீச்சிடத் தொடங்கினால்தான் அடங்கும். எந்த நிலையில் நித்திரைக்குப் போனதோ அதே நிலையை விழித்ததும் அது தேடுகிறது. ஆகவே கண் செருகத் தொடங்கும்போதே, முழு நித்திரையாவதற்கு முன், தட்டையான படுக்கையில் மல்லாக்கக் கிடத்தி, கையை நெஞ்சில் சற்று வைத்திருந்து மெல்ல எடுத்துவிட வேண்டும் என்று சொல்லப்படுகிறது.

தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். ‘ஆற்றுப்படுத்தல்’ என்பதில் உள்ள ஆறு, வழி என்று பொருள்படுவது. ஆற்றுப்படையில் உள்ளதும் அதுவே. உளவளத்துணையைக் குறிக்க ஈழத்தில் அச்சொல் பொருத்தமாகவே வழங்குகிறது. ஆனால் தணிதலைக் குறிக்கும் ஆறு வேறு சொல். சோறு ஆறுகிறது, புண் ஆறுகிறது, பசியாறுகிறோம், இளைப்பாறுகிறோம். ‘ஆறுவது சினம்’ என்று ஏடு தொடக்கிய நாளிலேயே படித்தோம். இதன் பிறவினை ஆற்று. பிள்ளை ஆறும், தாய் ஆற்றுவாள். தேறு, தேற்று என்பதும் உறங்கு, உறக்கு என்பதும் இதே வாய்பாட்டில் அமைந்தவை. ஆங்கிலத்தில் அந்த வினை பிறரைத் தணிப்பதையே குறிப்பதால் முன்னே ‘செல்ஃப்’ என்று ஒட்டவேண்டி வந்தது. தமிழில் தன்வினையே அவ்வேலையைச் செய்துவிடும், ‘சுய’ வேண்டியதில்லை.

ஆயினும் ‘ஆறுதல்’ என்று மட்டும் எழுதினால், துயருற்றவருக்குச் சொல்லும் தேறுதல் என்றும், “ஆறுதலா வாங்கோ” என்பதில் உள்ளதுபோல் அவசரமின்மை என்றும் கொள்ள இடமுண்டு. அதனால் ‘தானாக ஆறுதல்’ என்பதே என் தேர்வு. “பிள்ளை சாமத்தில் எழும்பினாலும் தானாக ஆறி நித்திரையாகிவிடும்” என்றால் முல்லைத்தீவிலுள்ள எந்தத் தாய்க்கும் அகராதி தேவைப்படாது. அண்டர்ஸின் மற்ற வகையைக் ‘கூப்பிடும் பிள்ளை’ எனலாம்.

பிறந்து முதல் மூன்று நான்கு மாதங்களில் இச்சொல்லுக்கு அதிகம் வேலையில்லை. இரவு பகல் என்ற ஒழுங்கே அப்போதுதான் உருவாகிறது, வயிறும் சிறிது, இரவுப் பாலும் தேவை. அப்பருவத்தில் பிள்ளை ஆறுவதில்லை, ஆற்றப்படுகிறது. காய்ச்சலோ நோவோ உள்ள பிள்ளைக்கு எந்த வயதிலும் அதுவே பொருந்தும்.