நம்பவில்லை என்பது வேறு, கேட்கவில்லை என்பது வேறு

போன வாரம் ஒரு கட்டட ஒப்பந்ததாரர் நடுவர் தீர்ப்போடு (நீதிமன்றத்துக்குப் போகாமல், இரு தரப்பும் ஒப்புக்கொண்ட நடுவர் முன் தகராறை நடத்திப் பெற்ற தீர்ப்பு) வந்தார். "என் பக்கத்தைக் கேட்கவே இல்லை சார், இயற்கை நீதி மீறல், ரத்து பண்ணணும்" என்றார். விசாரணைப் பதிவைப் புரட்டினேன். தாமதம் பற்றிச் சாட்சி சொன்ன அவருடைய நிபுணரை இரண்டு நாள் விசாரித்திருக்கிறார்கள். அந்தச் சாட்சியத்தை நடுவர் பத்தி பத்தியாக எடுத்துப் பேசி, ஏன் நம்பவில்லை என்றும் எழுதியிருக்கிறார். இதே புகாரோடு வருகிறவர்களிடம் பேசிப் பேசி எனக்கு அலுத்துவிட்டது.

இயற்கை நீதி விசாரணை நடந்த முறையைப் பற்றியது. உங்கள் வாதத்தைச் சொல்ல நியாயமான வாய்ப்பு இருந்ததா? எதிர்த்தரப்பு சொன்னதற்குப் பதில் சொல்ல முடிந்ததா? நடுவர் எந்தப் பக்கமும் சாராமல் இருந்தாரா? கேள்வி இவ்வளவுதான். ஒப்பந்த விதிக்கு அவர் தப்பாகப் பொருள் சொல்லியிருக்கலாம். முடிந்த வேலையின் அளவுகளைக் குறித்து வைக்கும் அளவுப் புத்தகத்தைத் தப்பாகவே படித்திருக்கலாம். அது தவறு, மீறல் அல்ல. நீங்கள் 180 நாள் கால நீட்டிப்பு கேட்டீர்கள், எதிர்த்தரப்பு ஒரு நாள்கூடத் தர முடியாது என்றது, நடுவர் 60 நாள் தந்தார். "60 என்று யாருமே கேட்கவில்லையே" என்று கோபப்படுகிறீர்கள். முன்னால் இருந்த சான்றுகளிலிருந்து அந்த எண்ணுக்கு வர முடியும் என்றால் அவர் வரலாம். நீங்கள் எழுதிக்கொடுத்த ஒவ்வொரு வரிக்கும் பதில் எழுத வேண்டிய கடமையும் அவருக்கு இல்லை. முக்கியமான பிரச்சினைகளைத் தொட்டால் போதும்.

சரி, உண்மையான மீறல் எப்படி இருக்கும்? இந்திய உச்ச நீதிமன்றத்தின் 2019 சாங்யோங் வழக்கைப் பாருங்கள். நெடுஞ்சாலைப் பணி, விலை மாற்றத்தைக் கணக்கிடுவதில் தகராறு. பெரும்பான்மை நடுவர்கள் பதிவில் இல்லாத அரசு வழிகாட்டுதலைத் தாங்களாகவே எடுத்து, தரப்பினரிடம் காட்டாமல் அதை வைத்துத் தீர்ப்பு எழுதிவிட்டார்கள். பார்க்காத காகிதத்துக்கு யார் பதில் சொல்ல முடியும்? தீர்ப்பு ரத்தானது.

கட்டுமான வழக்கு ஒன்றில் சிங்கப்பூர் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2007-இல் பட்டியலிட்ட நான்கு கேள்விகளைத்தான் நானும் கட்சிக்காரரிடம் கேட்பேன். எந்த விதி மீறப்பட்டது? எப்படி? தீர்ப்போடு அதற்கு என்ன தொடர்பு? அதனால் உங்களுக்கு என்ன பாதிப்பு? பெரும்பாலானவர்கள் இரண்டாவது கேள்வியிலேயே நின்றுவிடுகிறார்கள்.

அடுத்தது, வாய் மூடி இருப்பது. எதிர்த்தரப்பு கடைசி நேரத்தில் ஆவணங்களைக் கொட்டுகிறது. உங்களுக்கு அவகாசம் போதவில்லை. அப்போதே எழுந்து சொல்லுங்கள், எழுத்தில் கொடுங்கள், எத்தனை நாள் வேண்டும் என்றும் கேளுங்கள். ஜெயித்தால் சரி, தோற்றால் கிளப்பலாம் என்று வைத்திருக்காதீர்கள். குவாத்தமாலா மின் நிலைய வழக்கில் சிங்கப்பூர் நீதிமன்றம் 2020-இல் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது. முழு வாய்ப்பு என்றால் எல்லையில்லாத வாய்ப்பு அல்ல. குறை இருந்தால் அன்றே நடுவரிடம் சொல்லியிருக்க வேண்டும்.

அப்புறம் தேதி! பல நாடுகள் தங்கள் நடுவர் சட்டத்துக்கு அடிப்படையாக எடுத்துக்கொண்ட ஐ.நா. மாதிரிச் சட்டப்படி, ரத்து மனுப் போட, தீர்ப்பு கைக்கு வந்ததிலிருந்து மூன்று மாதம். இந்தியாவில் தக்க காரணம் காட்டினால் இன்னும் 30 நாள், அதற்கு மேல் கிடையாது. இங்கிலாந்தில் தீர்ப்புத் தேதியிலிருந்து 28 நாள்தான். சமரசம் பேசிக்கொண்டே இதைத் தவறவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து பேச்சு ஒரு பக்கம் நடக்கட்டும், மனு ஒரு பக்கம் தயாராகட்டும்.

இன்னொன்றையும் மனுப் போடும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள். தீர்ப்பு ரத்தானால் பணம் கைக்கு வந்துவிடாது. பெரும்பாலும் வழக்கை மறுபடி முதலிலிருந்து நடத்த வேண்டும். சாங்யோங் வழக்கில் பெரும்பான்மையோடு சேராமல் தனியாக எழுதிய நடுவரின் தீர்ப்பையே நிலைநிறுத்தினார்கள், உண்மைதான். அதற்கு உச்ச நீதிமன்றம் அரசியலமைப்பின் 142-வது பிரிவு தரும் சிறப்பு அதிகாரத்தை எடுக்க வேண்டியிருந்தது. சில சமயம் குறையைச் சரிசெய்யச் சொல்லி அதே நடுவரிடமே நீதிமன்றம் திருப்பி அனுப்பும்.

என்னிடம் வரும்போது தீர்ப்பை மட்டும் கொண்டுவராதீர்கள். விசாரணைப் பதிவு, நடுவருக்கு அனுப்பிய கடிதங்கள், மின்னஞ்சல்கள் எல்லாம் வேண்டும். நீங்கள் எங்கே ஆட்சேபித்தீர்கள் என்பதைத்தான் முதலில் தேடுவேன்.