இக்லாஸ், ரியா: சொல் விளக்கம்

தக்கலை, திருவிதாங்கோடு, குளச்சல், தேங்காப்பட்டணம் போன்ற குமரி மாவட்டத்து ஊர்களில் ஜும்ஆ பயான் (வெள்ளிக்கிழமைத் தொழுகையின்போது பள்ளிவாசலில் நடக்கும் உரை) கேட்டு வளர்ந்தவர்களுக்கு இக்லாஸ் (இறைவனுக்கென்று மட்டுமே செய்தல்), ரியா (பிறர் பார்க்க வேண்டும் என்று செய்தல்) என்னும் இணைச்சொற்கள் புதியவை அல்ல. இக்லாஸ் இருந்தால்தான் அமல் (வணக்கம், நற்செயல்) ஏற்கப்படும், ரியா புகுந்தால் அது பாழ் என்ற அளவில் பொருளும் எல்லாருக்கும் தெரியும். ஆனால் இவற்றைத் தமிழில் எழுத முற்படும்போது வழக்கமாகக் கைக்கு வரும் ‘உளத்தூய்மை’, ‘முகஸ்துதி’ ஆகிய இரண்டும் மூலச்சொற்களின் பொருளைச் சற்று இடம் மாற்றிவிடுகின்றன.

இக்லாஸ் என்பது கா, லாம், ஸாத் என்ற மூன்று அரபு எழுத்துகளை வேராகக் கொண்ட சொல். கலப்பு நீங்குதல், தெளிதல், விடுபடுதல் என்பன அவ்வேரின் பொருள்கள். வளைகுடாவில் வேலை பார்த்துத் திரும்பியவர்கள் ஒன்று முடிந்துவிட்டது என்பதற்குச் சொல்லும் ‘கலாஸ்’ இதே வேரில் பிறந்ததுதான். குர்ஆனின் 16ஆம் அத்தியாயம் 66ஆம் வசனம், கால்நடையின் வயிற்றில் சாணத்துக்கும் இரத்தத்துக்கும் இடையிலிருந்து வரும் பாலைக் ‘காலிஸ்’ என்று சொல்கிறது. அவ்விரண்டுக்கும் நடுவிலிருந்து வந்தும் எதுவும் கலவாத பால் என்பது கருத்து. இக்லாஸ் இவ்வேரின் பிறவினை வடிவம் ஆகையால், தூய்மையாக இருத்தல் என்ற நிலையைவிட, ஒன்றைக் கலப்பற்றதாக ஆக்குதல் என்ற செயலையே அது முதன்மையாகக் குறிக்கிறது. ‘உளத்தூய்மை’ என்னும்போது பொறாமை, வஞ்சகம் முதலிய எல்லா அழுக்கும் இல்லாத நல்ல மனம் என்ற பரந்த பொருள் வந்து விடுகிறது; இக்லாஸோ, ஒரு வணக்கத்தையோ நற்செயலையோ அல்லாஹ்வுக்கென்று மட்டும் ஆக்கி, வேறு நோக்கம் எதையும் அதில் சேரவிடாமல் பார்த்துக்கொள்வதாகும். 98ஆம் அத்தியாயத்தின் 5ஆம் வசனத்தில் வரும் ‘முக்லிஸீன’ என்ற சொல்லும் இந்தப் பொருளிலேயே வருகிறது. நம் வீடுகளில் குல்ஹுவல்லாஹ் சூரா என்று அழைக்கப்படும் 112ஆம் அத்தியாயத்தின் பெயர் அல்இக்லாஸ் என்றாலும், அதன் நான்கு வசனங்களில் அச்சொல் எங்குமே இல்லை. இறைவன் ஒருவன் என்னும் நம்பிக்கையில் எந்தக் கலப்பையும் அது விடவில்லை என்பதே பெயருக்குச் சொல்லப்படும் காரணம்.

இதனோடு ஒட்டி வருவது நிய்யத், அதாவது ஒரு செயலைச் செய்யக் கொள்ளும் எண்ணம். ரமலான் இரவுகளில் ‘நாளை நோன்பு பிடிக்க நிய்யத்துச் செய்கிறேன்’ என்று இமாம் சொல்லித்தர ஊரே சேர்ந்து சொல்லும் வழக்கத்தால், நிய்யத்து என்றாலே வாயால் சொல்லும் ஒரு வாசகம் என்ற எண்ணம் பலரிடம் ஊன்றிவிட்டது. அதன் இடம் உள்ளம் என்பதே மார்க்கச் சட்ட அறிஞர்களின் நிலை. ‘செயல்கள் எண்ணங்களைப் பொறுத்தவையே’ என்று உமர் (ரலி) அறிவிக்கும் நபிமொழி புகாரி தொகுப்பின் முதல் ஹதீஸாக நிற்கிறது. எண்ணம் என்பது நிய்யத்; அந்த எண்ணத்தில் கலப்பு நீக்குவது இக்லாஸ்.

ரியாவின் வேர் ‘பார்த்தல்’. முகம் பார்க்கும் கண்ணாடிக்கு அரபியில் வழங்கும் ‘மிர்ஆத்’ என்ற பெயரும் அவ்வேரிலிருந்தே வந்தது. பிறர் பார்க்க வேண்டும் என்பதற்காகச் செய்வது ரியா. 107ஆம் அத்தியாயம் தொழுகையாளிகளில் ஒரு சாராரை இதற்காகவே கண்டிக்கிறது. பிறர் காதில் விழ வேண்டும் என்பதற்காகச் செய்வதற்கும் சொல்வதற்கும் ‘சும்ஆ’ என்று தனிப்பெயரே உண்டு. முஸ்லிம் என்னும் மற்றொரு நபிமொழித் தொகுப்பில் அபூஹுரைரா (ரலி) அறிவிக்கும் ஹதீஸில், போரில் உயிர்விட்டவர், கல்வி கற்றுக் குர்ஆன் ஓதியவர், செல்வத்தை வாரிக் கொடுத்தவர் ஆகிய மூவரும் மறுமையில் முதலில் விசாரிக்கப்படுகின்றனர். வீரன், அறிஞன், வள்ளல் என்று சொல்லப்பட வேண்டும் என்பதற்காகவே செய்தாய், அவ்வாறே சொல்லப்பட்டும் ஆயிற்று என்று ஒவ்வொருவருக்கும் பதில் கிடைக்கிறது. கூலி இல்லை என்பதல்ல, கேட்ட கூலி முன்பே கொடுத்தாயிற்று என்பதே இதன் கடுமை.

தமிழ் முஸ்லிம்கள் ரியாவுக்கு நெடுநாளாக எழுதிவரும் ‘முகஸ்துதி’ வடமொழியிலிருந்து வந்தது. முகத்துக்கு நேரே புகழ்தல் என்பதே அதன் நேர்ப்பொருள். பொதுத் தமிழில் அது அதிகாரியையோ செல்வரையோ குளிரவைக்கும் இச்சகப் பேச்சைக் குறிக்கும். அங்கே புகழ்பவன் குற்றவாளி. ரியாவிலோ புகழை நாடுபவன். 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடும் பின்னர் திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்த நம் மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் மலையாளப் பயானும் கேட்கலாம். அதில் ரியாவுக்கு வரும் ‘லோகமான்யம்’ உலகத்தாரின் மதிப்பை நாடுவது என்ற கருத்தைத் தருவதால், முகஸ்துதியைக் காட்டிலும் மூலத்துக்கு நெருக்கமானது என்றே எனக்குத் தோன்றுகிறது.

வேற்றுமொழிச் சொல் இல்லாமலே சொல்லவும் தமிழில் இடம் இருக்கிறது. ‘மனத்துக்கண் மாசிலன் ஆதல் அனைத்தறன் ஆகுல நீர பிற’ என்ற 34ஆம் குறளில் ஆகுலம் என்பது ஆரவாரம். மனத்தில் மாசோடு செய்யும் பிறவற்றை, பிறர் அறிதல் வேண்டிச் செய்யப்படுவதாலேயே வள்ளுவர் அவ்வாறு சொன்னார் என்கிறது பரிமேலழகர் உரை. இதைவிட நெருங்கிய சொற்றொடர் ரியாவுக்குக் கிடைப்பது அரிது. அதை ஒட்டி ரியாவைப் ‘பிறர் காண வேண்டிச் செய்தல்’ என்றும், சும்ஆவைப் ‘பிறர் கேட்க வேண்டிச் செய்தல்’ என்றும், இக்லாஸைக் ‘கலப்பறச் செய்தல்’, பெயராக வேண்டிய இடத்தில் ‘கலப்பின்மை’ என்றும் எழுதலாம்.

‘வெளிப்பகட்டு’ என்ற சொல்லை நான் விலக்குவேன். பிறர் பார்வையில் படும் எல்லாமே ரியா என்று அது எண்ண வைக்கிறது. கோயில், பள்ளிவாசல், தேவாலயம் என்ற வேறுபாடின்றி, வெளிச்சத்தையே மறைக்கும் அளவுக்கு டியூப் லைட்டில் அன்பளித்தவர் பெயர் எழுதியிருப்பதைக் கண்டு சிரிக்காதவர் இல்லை. ஆனால் எழுதச் சொன்னது கொடுத்தவரா, நிர்வாகமா என்பதுகூட நமக்குத் தெரியாது. தர்மத்தை வெளிப்படையாகக் கொடுத்தாலும் நல்லதே, மறைத்து ஏழைகளுக்குக் கொடுத்தால் அது இன்னும் சிறந்தது என்று 2ஆம் அத்தியாயம் 271ஆம் வசனம் இரண்டுக்கும் இடம் தருகிறது. ஒருவர் நன்மை செய்ய மக்கள் அவரைப் புகழ்ந்தால் அது என்ன என்று கேட்கப்பட்டபோது, அது இறைநம்பிக்கையாளருக்கு முன்கூட்டியே கிடைக்கும் நற்செய்தி என்று நபி (ஸல்) விடை சொன்னதாக அபூதர் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் முஸ்லிமில் உள்ளது. எனவே புகழ் வந்து சேர்வது ரியா ஆகாது. அதை வேண்டிச் செய்வதே ரியா. மேலே சொன்ன தமிழ்த் தொடர்களில் ‘வேண்டி’ என்ற சொல்லைச் சுருக்கம் கருதி விட்டுவிடக் கூடாது என்பதற்குக் காரணமும் இதுதான்.