கார்பேஜ் கலெக்‌ஷன்: சேகரிப்பா, மீட்பா?

ஒரு நிரல் இயங்கும்போது தன் தரவுகளை வைக்க நினைவகத்தில் இடம் கேட்டுப் பெறுகிறது. அத்தரவுகளுள் ஒன்றை நிரலின் எந்தப் பகுதியாலும் இனி எட்ட இயலாது என்ற நிலை வந்தபின், அது பிடித்திருந்த இடத்தைத் தானாகவே திரும்பப் பெற்று வேறு தரவுக்கு வழங்கும் ஏற்பாட்டுக்குக் கார்பேஜ் கலெக்‌ஷன் என்று பெயர். இதனைத் தமிழில் 'குப்பை சேகரிப்பு' என்றும் 'குப்பை திரட்டல்' என்றும் எழுதுகிறோம். சொல்லுக்குச் சொல் வைத்துப் பார்த்தால் இவற்றில் குறை காண முடியாது. ஆனால் இந்த ஏற்பாட்டில் வழு நேர்ந்து, அதைத் தேடிப் பிடிக்க வேண்டியவர் தமிழில் சிந்திக்கத் தொடங்கினால், இப்பெயர்கள் அவரைத் தவறான திசையில் அனுப்பிவிடுகின்றன.

இம்முறையை வகுத்தவர் ஜான் மெக்கார்த்தி. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஐபிஎம் 704 கணினிக்காக லிஸ்ப் என்ற நிரல்மொழியை உருவாக்கியபோது, 1959 வாக்கில் இது பிறந்தது. 1960 ஏப்ரலில் வெளிவந்த அவருடைய கட்டுரையில் செயல்முறை தெளிவாக விளக்கப்பட்டிருக்கிறது: எட்டக்கூடிய பதிவகங்களை (நினைவக அறைகளை) எல்லாம் தொடர்ந்து சென்று அவற்றின் குறியை எதிர்மறையாக்கி அடையாளமிட வேண்டும், அடையாளம் பெறாதவற்றை வெற்றிடப் பட்டியலில் சேர்க்க வேண்டும். அன்றைய கணினியில் இதற்குச் சில வினாடிகள் பிடித்தன. வியப்பு என்னவென்றால், அக்கட்டுரையில் கார்பேஜ் என்ற சொல்லே இல்லை. மீட்பு என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லைத்தான் மெக்கார்த்தி கையாண்டிருக்கிறார். ஆய்வகத்தில் அப்போதே கார்பேஜ் கலெக்‌ஷன் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்ததாகவும், கட்டுரையில் எழுதத் தமக்குத் துணிவு வரவில்லை அல்லது ஆய்வகத்தின் மொழிநடை பார்க்கும் பெண்கள் விட்டிருக்கமாட்டார்கள் என்றும் அவர் பின்னாளில் ஓர் அடிக்குறிப்பில் வேடிக்கையாகக் குறித்தார். ஆகவே இன்று உலகெங்கும் வழங்கும் சொல் பேச்சுவழக்கிலிருந்து ஏறி வந்தது. எழுத்தில் முதலில் நின்றது மீட்பே.

'குப்பை' என்ற தமிழ்ச்சொல்லின் கதை இன்னும் சுவையானது. இன்று அது கழிவை மட்டும் குறித்தாலும், பழைய பொருள் குவியல் என்பதே. குவி, குவை, குப்பல் ஆகியவற்றோடு ஒலியாலும் பொருளாலும் நெருங்கிய சொல் அது. சிவகங்கை மாவட்டத்தில் நெற்குப்பை என்றோர் ஊர் உண்டு. நெல்லைக் குவித்த இடம் என்று பெயரிட்டவர்களின் மனத்தில் அழுக்கு எதுவும் இருந்திருக்காது. நிரல் இயங்கும்போது கேட்டுப் பெறும் நினைவகப் பரப்புக்கும் கணினியியலில் குவியல் என்றே பெயர். அக்குவியலில் பயன்படுவதும் பயன்படாததும் கலந்தே கிடக்கின்றன. குன்றிமணியும் அங்கேதான், கூளமும் அங்கேதான். எனவே குப்பை என்ற சொல்லைக் கைவிட வேண்டியதில்லை என்பது என் கருத்து. மாற்ற வேண்டியது அதனோடு ஒட்டிய 'சேகரிப்பு' என்ற பாதியைத்தான்.

ஏன் என்பதை, உரை எழுதவும் திருத்தவும் உதவும் ஈமேக்ஸ் எடிட்டரை வைத்துப் பார்க்கலாம். அதன் அடித்தளம் சி மொழியிலும், பயனரைத் தொடும் பெரும்பகுதி லிஸ்ப்பிலும் அமைந்தவை. சி மொழியில் எழுதப்பட்ட ஒரு செயற்கூறு, கோப்பின் பெயர் ஒன்றை லிஸ்ப் சரமாக (எழுத்துத் தொடராக) உருவாக்கித் தன் மாறியில் பிடித்து வைத்துக்கொண்டு, இடையில் பயனரின் லிஸ்ப் நிரல் ஒன்றை அழைக்கிறது என்று கொள்வோம். 64 பிட் கணினிகளில், புதிதாக ஒதுக்கிய நினைவகம் 8,00,000 பைட்டைக் கடந்ததும் மீட்புச் சுற்று தொடங்குவது ஈமேக்ஸின் இயல்பான அமைப்பு. அந்தச் சுற்று, வேர்கள் எனப்படும் சில தொடக்க இடங்களிலிருந்து புறப்பட்டுச் சுட்டுகளை, அதாவது ஒரு தரவு இருக்கும் இடத்தைக் காட்டும் முகவரிகளை, பின்தொடர்ந்து, உயிருள்ளவற்றுக்கு மட்டும் அடையாளமிடுகிறது. குப்பையை அது தேடுவதே இல்லை. பழைய ஈமேக்ஸில் சி செயற்கூற்றின் மாறி வேராகக் கருதப்படவில்லை. 'ஜிசிப்ரோ' என்ற கட்டளையால் மாறியைப் பதிவுசெய்து, வெளியேறும்முன் அப்பதிவை நீக்குவது நிரலாளர் பொறுப்பாக இருந்தது. ஓரிடத்தில் மறந்தால், பயன்பாட்டில் இருக்கும் கோப்புப் பெயரின் இடம் மீட்கப்பட்டு வேறொன்றுக்குத் தரப்பட்டுவிடும். செயற்கூறு திரும்பி வந்து பார்க்கும்போது அங்கே இருப்பது யாருடையதோ.

2001-இல் வந்த 21-ஆம் பதிப்பு, சி செயற்கூறுகளின் மாறிகள் இருக்கும் நினைவகப் பகுதியான சி அடுக்கு முழுவதையும் துழாவி, லிஸ்ப் பொருளைச் சுட்டுவதுபோல் தோன்றும் எந்த மதிப்பையும் உயிருள்ளதாகக் கொள்ளும் முறையைக் கொண்டுவந்தது. ஜிசிப்ரோ கட்டளைகள் 2016-இல் வெளிவந்த 25-ஆம் பதிப்பில் அறவே நீக்கப்பட்டன. அத்துடன் தொல்லை ஒழிந்துவிடவில்லை. சிறு சரங்களின் எழுத்துகளை மீட்புச் சுற்று நெருக்கி அடுக்கும்போது அவை இடம்பெயர்கின்றன. எனவே சரத்தின் உள்ளெழுத்துகளுக்கே நேராகச் சுட்டு வைத்திருந்தவர், சரம் உயிரோடிருந்தும் ஏமாறுவார்.

இவ்வழுக்களைக் கண்டுபிடிப்பது கடினமாக இருப்பதற்குக் காரணம், தவறு நேர்ந்த இடமும் எடிட்டர் முறிந்து விழும் இடமும் வெவ்வேறாக இருப்பதுதான். பெரும்பாலும் அடுத்த மீட்புச் சுற்று, சிதைந்த பொருளுக்கு அடையாளமிட முயலும்போது விழுகிறது. அந்நேரத்தில் அடையாளக் குறிகள் பாதி மாறிய நிலையில் இருப்பதால், பொருள்களை அச்சிட்டுக் காட்டும் வழக்கமான கட்டளைகளை நம்ப இயலாது. இதற்காகவே ஈமேக்ஸின் மூலநிரலில் 'லாஸ்ட் மார்க்ட்' என்ற வட்டப் பட்டியல் உள்ளது. கடைசியாக அடையாளமிடப்பட்ட 512 பொருள்கள் அதில் பதிவாகின்றன. வழு தேட உதவும் ஜிடிபி கருவியில் அதைத் திறந்து, கடைசிப் பொருளிலிருந்து பின்னோக்கி நடந்து, எக்ஸ்டைப், எக்ஸ்கான்ஸ் போன்ற கட்டளைகளால் ஒவ்வொன்றையும் சோதித்து, எந்தத் தரவமைப்பு சிதைந்தது என்று காண்பதே முதல் வேலை. யார் சிதைத்தார் என்பது அதன் பிறகுதான். 8,00,000 என்ற எல்லையைக் குறைத்து மீட்பை அடிக்கடி நிகழச்செய்தால் வழு விரைவில் முகம் காட்டும் என்பதும் கைகண்ட வழி.

இப்போது சொல்லுக்கு வருவோம். 'குப்பை சேகரிப்புப் பிழை' என்று கேட்பவர், அள்ளாமல் விடப்பட்ட குப்பையை நினைப்பார். அதற்கு நினைவகக் கசிவு என்று தனிப்பெயர் உண்டு. மேலே கண்டதோ அதற்கு நேர்மாறானது: பயன்பாட்டில் இருப்பதன் இடத்தை முன்கூட்டியே எடுத்துக்கொண்ட குற்றம். 'குப்பை நீக்கம்' என்றாலும் பொருந்தாது, ஏனெனில் எதுவும் வெளியே எறியப்படுவதில்லை. குவியலிலிருந்து இடத்தைத் திரும்பப் பெறுவதால் 'குப்பை மீட்பு' என்பதே தகும்; அதைச் செய்யும் பகுதி 'குப்பைமீட்பி'. அவ்வாறு கொண்டால் முறைகேடுகளுக்கும் 'முந்து மீட்பு', 'விடு மீட்பு' என்று பெயர்கள் தாமே அமைகின்றன. ஈமேக்ஸில் இதற்குரிய அமைப்பை இயக்கிவைத்தால், ஒவ்வொரு சுற்றின்போதும் திரையின் அடிவரியில் ஓர் அறிவிப்பு வந்து மறையும். தமிழாக்குவோர் அதனைக் 'குப்பை மீட்கப்படுகிறது… முடிந்தது' என்று எழுதலாம்.