ஒரு தொகுதிக்கு ஒரே வேட்பாளர்: மலாயாக் கூட்டணியின் கணக்கு

1952 பிப்ரவரியில் கோலாலம்பூர் நகராண்மைத் தேர்தல். பங்சார், இம்பி, பெட்டாலிங், செந்தூல் என நான்கு வட்டாரங்கள், 12 இடங்கள். எல்லா இனத்தாருக்கும் பொதுவான கட்சி என்று மலாய்த் தலைவர் டத்தோ ஓன் தொடங்கிய சுதந்திர மலாயா கட்சிதான் வெல்லும் எனப் பலர் நம்பினர். மலாய்க்காரர் கட்சியான அம்னோவும் சீனர் கட்சியான ம.சீ.ச.வும் (மலாயா சீனர் சங்கம்) கைகோத்து 9 இடங்களைப் பிடித்தன. அவருடைய கட்சிக்குக் கிடைத்தவை 2.

எப்படி? 1000 வாக்காளர் உள்ள ஒரு தொகுதியைக் கற்பனை செய்து கொள்ளுங்கள். சீனர் 420, மலாய்க்காரர் 330, இந்தியர் 250. பொதுக் கட்சி சீனரில் 100, மலாய்க்காரரில் 100, இந்தியர் அனைவரையும் ஈர்த்தால் அதற்கு 450. தனித்து நின்றால் ம.சீ.ச.வுக்கு 320, அம்னோவுக்கு 230, இரண்டுமே தோற்கும். ஒரே வேட்பாளரை நிறுத்தினால் 550, வெற்றி.

ஆனால் இந்த 550 தானாக வந்து சேராது. வேட்பாளர் சீனர் என்றால், அம்னோ ஆதரவாளர் 230 பேரும் அவருக்கே வாக்களிக்க வேண்டும். 101 பேர் வீட்டிலேயே இருந்துவிட்டால் தொகுதி போயிற்று. கூட்டணி உடைவது பெரும்பாலும் இங்கேதான்: மேலே தலைவர்கள் கைகுலுக்கியிருப்பார்கள், கீழே கிளைக்காரர் வேலை செய்ய மாட்டார். 1955 கூட்டரசுத் தேர்தலில் பாய்மரக் கப்பல் என்ற ஒரே சின்னம் இதற்குக் கைகொடுத்தது. பெயரையோ இனத்தையோ பார்க்காமல் கப்பலைப் பார்த்து வாக்களித்தால் போதும்.

இடப் பங்கீடு அதைவிடக் கடினம். 1955இல் வாக்காளரில் ஏறக்குறைய 84 விழுக்காட்டினர் மலாய்க்காரர். மற்றவரில் பெரும்பாலோருக்குக் குடியுரிமையே இல்லை. வேட்பாளரில் 90 விழுக்காடு மலாய்க்காரராக வேண்டும் என்ற குரல் அம்னோவுக்குள் எழுந்தபோது அதன் தலைவர் துங்கு அப்துல் ரஹ்மான் அதை எதிர்த்தார். தேர்தலுக்கு வைக்கப்பட்ட 52 இடங்கள் அம்னோவுக்கு 35, ம.சீ.ச.வுக்கு 15, இந்தியர் கட்சியான ம.இ.கா.வுக்கு (மலாயா இந்தியர் காங்கிரஸ்) 2 எனப் பிரிந்தன. கூட்டணி 51இல் வென்றது. வலுவானவர் தம் எண்ணிக்கைக்குக் குறைவாகவே எடுத்துக்கொண்டார். கூட்டு நிலைத்ததற்கு முதல் காரணம் அதுவே என்பேன்.

நம்மவரான இந்தியரின் நிலை வேறு. ம.இ.கா. 1952இல் டத்தோ ஓன் பக்கம் நின்று, 1954இல்தான் கூட்டணிக்கு வந்தது. வாக்காளரில் இந்தியர் 5 விழுக்காட்டை ஒட்டியே இருந்தனர். எந்தத் தொகுதியிலும் பெரும்பான்மை கிடையாது. கிந்தா உத்தாரா தொகுதியில் ம.இ.கா.வின் வீ. தி. சம்பந்தன் வென்றதும் மற்ற இனத்தார் கப்பலுக்குப் போட்ட வாக்குகளால்தான்.